ஒரு சனிக்கிழமை, ஐயாயிரம் ரூபாய்: கோவையில் எந்தக் கச்சேரிக்குப் போவது?

அக்கா மகன் சரவணம்பட்டியில் ஐடி வேலையில் இருக்கிறான். போன வாரம் போனில் கூப்பிட்டு, "மாமா, அம்மாவையும் அப்பாவையும் ஒரு நல்ல பாட்டுக் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேனுங்க. ஐயாயிரம் ஒதுக்கி வெச்சிருக்கேன். எதுக்குப் போறதுங்க?" என்றான். கேள்வி சின்னதுதான். ஆனால் அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரங்களைப் பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது. மைதானத்தில் ஒன்று, ஓட்டலில் ஒன்று, காபிக் கடையில் ஒன்று, சபாவில் ஒன்று. எல்லாம் ஒரே மாதத்தில், ஒரே ஊரில்.

என் பதில் நீளமாகப் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் யார் பாடுகிறார் என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். எவ்வளவு தூரத்தில் உட்காரப்போகிறோம், எத்தனை மணிக்கு எப்படி வீடு திரும்புவோம் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். இந்தப் புத்தி பட்டுத் தெரிந்துகொண்டது.

நான் பிறந்தது கிணத்துக்கடவு பக்கம். எங்கள் காலத்தில் யாரும் கச்சேரிக்குப் போகவில்லை, கச்சேரிதான் ஊருக்கு வந்தது. மாரியாத்தா நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் அன்றிலிருந்து தினமும் ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆட்டம். மேளக்காரர்களுக்குக் கை சலித்தால்தான் ஓய்வு. நோம்பி முடிகிற அன்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வரும். பத்து மணிக்கு மேல்தான் மைக் டெஸ்டிங்கே தொடங்கும். அக்கார்டியன், பாங்கோஸ், டிரிபிள் காங்கோ, எஸ்.பி.பி. மாதிரியே பாடுகிற ஒருத்தர், நடுவில் பலகுரல். என் அப்புச்சி கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து மேடைக்குப் பக்கவாட்டில் போட்டுப் படுத்தபடியே கேட்பார். இன்றைய கணக்கில் அது பிளாட்டினம் சீட்டுக்கும் மேல். அப்புறம் ஆக்டோபேட் என்ற மின்னணுத் தாளக் கருவி வந்தது. அது வந்த மறு வருஷம் காங்கோக்காரர் வரவில்லை. அவரை நான் ரொம்ப நாள் தேடினேன்.

அதற்கும் முந்திய தலைமுறைக்கு உடுக்கைப் பாட்டு இருந்தது. பொன்னர் சங்கரைப் பாடுகிற அண்ணன்மார் கதையை ஒரே ராத்திரியில் பாடி முடிக்க முடியாது. 1965-இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் அதை ஒலிப்பதிவு செய்தபோது பல இரவுகள் உட்கார வேண்டியிருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு ராத்திரி முழுக்க விழித்துப் பாட்டுக் கேட்பது பழக்கமில்லாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த ராத்திரியைச் சுருக்கியது ரசனை அல்ல, சட்டம். 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சி என்று வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளையும் படுக்கையில் கிடக்கிற நோயாளிகளையும் நினைத்தால் இதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் விளைவு என்ன? பத்து மணிக்குத் தொடங்கிய கச்சேரி இப்போது பத்து மணிக்கு முடிந்தாக வேண்டும். அதனால் ஆறு, ஆறரைக்குத் தொடங்குகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவினாசி ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, மைதானக் கச்சேரியிலிருந்து வருகிறேன். அவன் ஆசைப்பட்டதும் அதுதான்.

அவினாசி ரோட்டை ஒட்டிய கொடிசியா வளாகம் மாதிரியான பெரிய இடங்களில் நடக்கும் சினிமா இசை நிகழ்ச்சிகள்தான் கோவையின் இசை இரவை அடியோடு மாற்றியவை. முன்பெல்லாம் இசையமைப்பாளரை நேரில் பார்க்க வேண்டுமென்றால் சென்னை போக வேண்டும். இப்போது அவர்களே வருகிறார்கள். 2022-இல் இளையராஜா தன் பிறந்தநாளையே கோவைக் கச்சேரி மேடையில்தான் கொண்டாடினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு காலத்தில் சினிமாப் பாட்டு பிறந்ததே இந்த ஊரில்தான். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இங்கே ஓடிக்கொண்டிருந்தன. எம்.எஸ்.விஸ்வநாதன் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் கற்றதும் கோவையில்தான். பாட்டு சென்னைக்குக் குடிபோய், அரை நூற்றாண்டு கழித்து டிக்கெட் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

அந்த டிக்கெட்டைப் பற்றிப் பேசுவோம். சில்வர், கோல்டு, பிளாட்டினம், மேடைக்கு முன்னால் நின்று குதிப்பதற்கு ஃபேன் பிட். விலை ஆயிரத்தை ஒட்டித் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டியும் போகிறது. இசை நிகழ்ச்சிக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது, அதற்கு மேல் 18 சதவீதம். வரி தனி என்று போட்டிருந்தால் 1,499 ரூபாய் டிக்கெட் 1,769 ஆகிவிடும். மூன்று பேருக்கு 5,300-க்கு மேல். புக்கிங் கட்டணம், பார்க்கிங், தண்ணீர் பாட்டில் எல்லாம் இன்னும் சேரவில்லை. ஆக, ஐயாயிரத்தில் மூன்று பேருக்குக் கிடைப்பது பின்வரிசைதான்.

பின்வரிசையில் என்ன கிடைக்கும்? மேடையில் ஓர் எறும்பு, பக்கத்தில் ஒரு பெரிய திரை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பாட்டு உங்கள் காதுக்கு வர கிட்டத்தட்ட 0.3 நொடி பிடிக்கும். திரையில் வாய் முதலில் அசையும், குரல் அப்புறம் வரும். நல்ல சவுண்டுக்காரர்கள் நடுவில் கோபுரம் மாதிரி தனி ஸ்பீக்கர்களை நிறுத்திச் சரிக்கட்டுவார்கள். சிலர் அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிடுவார்கள். டிக்கெட் வாங்கும்போது மைதான வரைபடத்தில் அந்த ஸ்பீக்கர் எங்கே என்று யாரும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன்.

இதில் அடிபட்ட கதையும் உண்டு. சில வருஷம் முன்பு ஒரு பெரிய கச்சேரிக்கு நானும் வீட்டுக்காரியும் நாற்காலி எண் போட்ட டிக்கெட் வாங்கிப் போனோம். நாங்கள் போனபோது அந்த எண்ணில் நாற்காலியே இல்லை. முன்னால் இருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுத் தங்கள் சொந்தபந்தத்தை உட்கார வைத்துவிட்டார்கள். ஏற்பாட்டாளர்களின் ஆட்களிடம் கேட்டால், "எங்காச்சும் உக்காருங்க சார்" என்றார்கள். மூன்று மணி நேரம் நின்றோம். "ஏனுங்க, இதுக்கு வீட்டுல டிவியப் போட்டிருக்கலாமுங்க" என்று அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் அல்ல. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரகுமான் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்த எத்தனையோ பேர் உள்ளேயே போக முடியாமல் திரும்பியதை நாடே பார்த்தது.

இவ்வளவு குறை சொன்னாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய ராஜா பாட்டு ஒன்றின் முதல் புல்லாங்குழல் வந்ததும் மைதானமே மூச்சை இழுத்துப் பிடிக்கும் பாருங்கள், அது வேறு எங்கும் கிடைக்காது. அதற்காகவே திரும்பத் திரும்ப ஏமாறத் தோன்றும்.

வீடு திரும்புவதையும் சொல்லிவிடுகிறேன். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்ததிலிருந்து அவினாசி ரோட்டில் போய் வருவது எளிதாகிவிட்டது. ஆனால் பாலம் மேலே இருக்கிறது, கச்சேரி கீழே இருக்கிறது. பார்க்கிங்கிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதற்குள்ளேயே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. அக்கா வீடு பல்லடத்தில். அவர்கள் ஊருக்குள் வராமல் ஹோப் காலேஜில் காமராஜர் ரோட்டைப் பிடித்து, சிங்காநல்லூர், சூலூர் வழியாகப் போய்விடலாம். அப்படியும் வீடு சேர நள்ளிரவாகும்.

ஓட்டலில் நடப்பதைச் சுருக்கமாக முடிக்கிறேன். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் மட்டும் தனி பார் லைசென்ஸ். பெங்களூரில் போல முக்குக்கு முக்கு பப் வைத்து, அதில் புதுப் பையன்கள் கிதாரோடு ஏறிப் பழகுகிற வழி இங்கே இல்லை. இருப்பது நட்சத்திர ஓட்டல் பார்களில் வார இறுதி பேண்டு. வாசிப்பவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அங்கே வருகிறவர்கள் பாட்டுக் கேட்க வருவதில்லை, பேச வருகிறார்கள். பேச்சுச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று பேண்டு சத்தத்தைக் கூட்டும், அதற்கு மேலே கேட்க வேண்டும் என்று மேசைகள் குரலைக் கூட்டும். அக்காவையும் மச்சானையும் அங்கே கூட்டிப் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நண்பர்களோடு போகிறவன் தன் காசில் போகட்டும்.

காலேஜ் விழாக்கள் இன்னொரு தனி உலகம். குமரகுரு கல்லூரியின் யுகம் மாதிரியான விழாக்களுக்கு நல்ல நல்ல கலைஞர்கள் வருகிறார்கள். ஹிப்ஹாப் தமிழா ஆதி இந்த ஊரிலிருந்து கிளம்பிப் போனவர்தானே. ஆனால் அந்த மேடை மாணவர்களுடையது. ஐம்பது வயசுக்காரன் உள்ளே போனால் யாருடைய அப்பா என்றுதான் பார்ப்பார்கள்.

எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம் தந்தது காபிக் கடைகளில் நடக்கும் ஜாமிங். மகள்தான் இழுத்துப் போனாள். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மாடி. அறுபது எழுபது பேர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு கிதார், தாளம் தட்ட ஒரு கஹோன் பெட்டி. மைக் ஒன்றே ஒன்று. பாடகர் என்று தனியாக ஒருத்தர் இல்லை, எல்லாரும் பாடினார்கள். சரணம் மறந்தவர்கள் போனைப் பார்த்துப் பாடினார்கள். ஸ்வரம் தப்பினால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பதரைக்கு முடிந்து, பத்து மணிக்கு வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டோம். டிக்கெட் ஐந்நூறுக்குள், ஆகவே ஜிஎஸ்டியும் இல்லை. கம்பத்தாட்டத்தில் நடந்ததும் இதுதானே என்று அன்றைக்குத் தோன்றியது. அங்கேயும் ஆடுகிறவன், பார்க்கிறவன் என்ற கோடு கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு நோம்பி தெரியாது. ஆனாலும் வட்டமாக உட்கார்ந்து பாட ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. குறை என்னவென்றால், மச்சானுக்கு மூட்டுவலி. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. நாற்காலி கேட்டால் தருவார்கள், ஆனால் எல்லாரும் கீழே இருக்கத் தான் மட்டும் மேலே உட்காருவதற்கு அவர் கூச்சப்படுவார்.

சபாக்களைப் பற்றி இந்த ஊரில் போதுமான அளவு பேசுவதில்லை. ஆர்.எஸ்.புரம் பாரதிய வித்யா பவன், கிக்கானி பள்ளியின் சரோஜினி நடராஜ் கலையரங்கம், மணி பள்ளியின் நானி கலையரங்கம், ராம்நகர் கோயில் விழாக்கள். சென்னை மார்கழியில் மூச்சு விடாமல் பாடிய வித்வான்கள் தை பிறந்ததும் இங்கே வருகிறார்கள். அங்கே இரண்டு மணி நேரத்துக்குள் அடித்துப் பிடித்து முடித்தவர்கள் இங்கே ராகத்தை நிதானமாக விரிப்பார்கள் என்பது என் அபிப்பிராயம், நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை. பல கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. பத்தாவது வரிசையிலிருந்தும் மிருதங்கக்காரர் விரல் தெரியும். நாற்காலி உண்டு, கழிப்பறை உண்டு, மழை வந்தாலும் கவலையில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடலாம். மாறியது ஒன்றே ஒன்று: வருகிற கூட்டத்தின் வயசு. முன்பு நாற்பது வயசுக்காரர்களாக வந்தவர்கள் இப்போது எழுபது வயசுக்காரர்களாக வந்துகொண்டிருக்கிறார்கள், அதே ஆட்கள். அக்காவுக்குக் கர்நாடக சங்கீதத்தில் பிடிப்பில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கைப்பையில் மிக்சரைத் தேடுவாள்.

மருமகன் அனுப்பிய பட்டியலில் இல்லாத ஒன்றை நான்தான் சேர்த்தேன். வள்ளி கும்மி. பத்து வருஷம் முன்பு இதை ஒரு கச்சேரிக் கணக்கில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இப்போது காரமடை, அன்னூர், சூலூர், பல்லடம் என்று எந்தப் பக்கம் போனாலும் சனி ஞாயிறு சாயங்காலம் ஏதோ ஓர் ஊரில் அரங்கேற்றம். காரமடை பக்கத்து வாத்தியார் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆம்பிளைகள் மட்டும் ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களைச் சேர்த்துப் பழக்கியவர் அவர். இன்றைக்கு வட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருத்தர் மைக்கில் வள்ளி கதையைப் பாட, நூறு இருநூறு பேர் ஒரே சேலை நிறத்தில் ஒரே அடியில் கால் மாற்றும்போது தரை அதிர்வது உங்கள் காலில் தெரியும். டிக்கெட் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கவும் தேவையில்லை, வட்டத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரலாம். சில மேடைகளில் நடுவே சாதிப் பெருமைப் பேச்சு நுழைந்துவிடுகிறது. அதை நான் ரசிப்பதில்லை. பேச்சு நீண்டால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன், கும்மி தொடங்கியதும் வந்துவிடுவேன்.

விடிய விடிய வேண்டும் என்கிறவர்களுக்கு ஈஷாவின் மகாசிவராத்திரி இருக்கிறது. 112 அடி ஆதியோகி சிலையின் முன்னால் ராத்திரி முழுக்கப் பாட்டும் மேளமும். வருஷத்துக்கு ஒருமுறைதான். அந்த ஆன்மிகம் ஒத்துவருகிறவர்களுக்கு நல்ல அனுபவம். வெள்ளியங்கிரி அடிவாரத்திலிருந்து காலையில் வண்டியை வெளியே எடுப்பதற்கு மட்டும் தனிப் பொறுமை வேண்டும். ஊருக்குள்ளேயே காசில்லாமல் பாட்டு வேண்டுமென்றால் 2008 முதல் நடக்கும் கோயம்புத்தூர் விழா நாட்களில் ரேஸ்கோர்ஸ் பக்கம் சும்மா நடந்தாலே போதும்.

வெளியூர் போவதைப் பற்றியும் அவன் கேட்டான். 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்தார், கோவைக்கு வரவில்லை. அந்த மாதிரி ஆட்களைக் கேட்க வேண்டுமென்றால் போய்த்தான் ஆக வேண்டும். வந்தே பாரத் இரண்டு ஊருக்கும் இருக்கிறது, ஆனால் அது பகல் வண்டி. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் ஒன்பது மணி வாக்கில், சேரன் பத்து மணி வாக்கில் கிளம்பிவிடும். பத்து மணிக்கு முடிகிற கச்சேரியிலிருந்து சென்ட்ரலுக்கு வந்து இரண்டில் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாது. அப்படியென்றால் அறை எடுக்க வேண்டும். டிக்கெட்டை விட அறையும் ஆட்டோவும் கூட ஆகும். இளவட்டங்கள் மூன்று பேர் சேர்ந்து ஆம்னி பஸ்ஸில் போய் வந்தால் கட்டுப்படியாகும். மூட்டுவலிக்காரருக்கு ஆகாது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவன் கேட்டான்: "அப்போ ஒரே முடிவா என்னதானுங்க மாமா சொல்றீங்க?"

நான் சொன்னது இது. அவனுக்கென்றால் ஜாமிங், மாசத்துக்கு ஒருமுறை போனாலும் வருஷம் முழுக்க அந்த ஐயாயிரம் வரும். அக்காவுக்கென்றால் அவர்கள் ஊர்ப் பக்கத்திலேயே நடக்கிற கும்மி. பாதிக் கச்சேரியில் எழுந்து போய் அவளே வட்டத்தில் சேர்ந்துகொண்டாலும் ஆச்சரியமில்லை. ஆனால் மச்சான் விஷயம் வேறு. அவர் முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் வேலை பார்த்தவர், அந்தச் சத்தத்துக்குள்ளேயே ரேடியோவில் ராஜா பாட்டைக் கேட்டவர். ராஜாவை ஒருதடவை நேரில் பார்க்க வேண்டும் என்று என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அவர் வரும்போது தூரம், நேரம், விலை என்று நான் போட்ட கணக்கையெல்லாம் தூக்கி வைத்துவிட வேண்டியதுதான். மூன்று பின்வரிசை டிக்கெட் வேண்டாம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் நடுவில், ஸ்பீக்கர் கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எண் போட்ட நாற்காலி வாங்கு, ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார வை, நீ வெளியே வண்டியில் இரு என்றேன்.

"இருக்கறேனுங்க. வெளியில நின்னாலும் பாட்டுக் கேக்கும்" என்றான்.

"கடைசிப் பாட்டுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் வண்டிக்கு வரச் சொல்லீரு மாப்ள. இல்லைன்னா ஹோப் காலேஜ் தாண்டறதுக்கே மணி பதினொண்ணாயிரும்."

"கடைசிப் பாட்டுத்தானுங்க மாமா அப்பாவுக்கு வேணும்" என்றான்.